வக்கீல் இலவசம்தான், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊர்க்கதை எல்லாம் தானாக வந்து சேரும். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் எங்கள் கடை. ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கூல் டி.சி. இதெல்லாம் அன்றாட வியாபாரம். ஆனால் ஜவுளிக்கடைக் கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஒருத்தர் வந்து நின்றால், உள்ளே இருப்பது கோர்ட்டுக் காகிதம் என்று கவரைப் பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, சம்மன், தபாலில் வந்த வக்கீல் நோட்டீஸ். "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு போடு தம்பி" என்பார்கள். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாதுதான். கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கிற நேரத்தில் கண்ணில் படுவதை என்ன செய்ய?

காசு கொடுத்துவிட்டுப் போகும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வக்கீலுக்கு எவ்ளோ ஆவும்?"

அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சரியான பதில், ஒன்றும் ஆகாது என்பதுதான். சொன்னால் நம்ப மாட்டார்கள். இலவச வக்கீல் என்றால் ஏதோ கட்சிக்காரர் தயவில் கிடைக்கிற சமாச்சாரம் என்றோ, கொலைக் கேசுக்கு மட்டும் அரசாங்கம் ஏற்பாடு செய்கிறது என்றோ நினைப்பு.

1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் என்று ஒன்று வந்தது. நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12-ஆவது பிரிவைத்தான் எங்கள் தெருவில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. எந்தப் பெண்ணுக்கும். வருமானம் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. குழந்தைகளுக்கும் அப்படியே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள், வெள்ளத்திலும் தொழிற்சாலை விபத்திலும் பாதிக்கப்பட்டவர்கள், இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு இல்லை. இதில் எதிலும் சேராத ஆண்களுக்குத்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கும் தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட்டுக்கு அலைய வேண்டாம், வருமானம் இவ்வளவு என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் அடுத்த பிரிவு சொல்கிறது.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பேசின் பிரிட்ஜ், தண்டையார்பேட்டை என்று ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். இந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கிற வீடு எத்தனை தேறும்?

அப்படியென்றால் ஏன் யாரும் போவதில்லை? தெரியாமைதான் காரணம் என்று முகாம் நடத்துகிற அதிகாரிகள் சொல்வார்கள். பாதி உண்மை. கடையில் உட்கார்ந்து பார்த்த வரையில் எனக்குத் தோன்றுவது வேறு. சட்ட உதவி கோர்ட்டைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஏழையின் கேசோ கோர்ட்டுக்குப் போவதற்குள்ளேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில், காண்ட்ராக்டர் ஆபீஸ் மேஜையில், ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுகிற நொடியில்.

ஒரு அக்கா வந்தார். கணவருக்குக் கண்டெய்னர் லாரி மோதி இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. துறைமுகத்துக்கு டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கிற ரோடுகளில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிற எவரும் இந்த பயத்தோடுதான் ஓட்டுகிறார்கள். அக்கா கொடுத்த கட்டில் கடைசிக் காகிதம் ஒரு வக்காலத்துப் படிவம். கீழே அவர் கணவரின் கையெழுத்து, கோணலாக, படுக்கையில் படுத்தபடி போட்டது. மேலே வக்கீல் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கோர்ட் பெயர் காலி. தேதி காலி.

"யாருக்கா இது கொடுத்தது?"

"ஆஸ்பத்திரில ஒரு அண்ணன் வந்தாரு தம்பி. பிஸ்கட்டு, தண்ணி பாட்டிலு எல்லாம் வாங்கியாந்து கொடுத்தாரு. கேஸு நான் பாத்துக்கறேன், நீ ஒண்ணும் செலவு பண்ண வேணாம், வர்ற துட்டுல எனக்குப் பாதி குடுத்துடுன்னாரு."

பாதி. கால் போனது ஒருத்தருக்கு, காசில் பாதி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தவருக்கு! இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள் என்று கேலி பேசுவோம். நல்ல வேளையாக, ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லி ஒரு பிரதியை அக்காவிடம் விட்டுப்போயிருந்தார் அந்த அண்ணன், அதனால்தான் என் கண்ணில் பட்டது.

இந்த மாதிரி விபத்து இழப்பீட்டு வழக்கை எம்.சி.ஓ.பி. என்பார்கள். சென்னையில் அதை விசாரிக்கிற தீர்ப்பாயம் ஐகோர்ட் வளாகத்திலேயே, சிறுவழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து நடப்புக்கு வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைப் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை என்று அச்சிட்ட படிவத்தையும் கொடுக்க வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதே ஏப்ரலில் இன்னொன்றும் வந்தது. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிற கெடு. அந்தக் கெடு சரிதானா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும் முடியட்டும், நீங்கள் ஆறு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

அக்காவை ஒரு திங்கட்கிழமை ஐகோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். இங்கிருந்து நாலு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனாலும் பாரிமுனைக்கு வாரம் ரெண்டு தடவை பூ வாங்கப் போகிறவர், அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். காவல், 2015 நவம்பரிலிருந்து அப்படி. அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பையை சோதனைக்குக் கொடுக்க வேண்டும். துப்பாக்கியோடு நிற்பவர் இந்தியில் ஏதோ கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் இலவச வக்கீலுக்கு வழி இந்த வாசல் வழியாகத்தான் என்றால், வருகிறவர்களில் எத்தனை பேர் வாசலைப் பார்த்தே திரும்பியிருப்பார்கள் என்ற யோசனை வராமல் இல்லை.

உள்ளே போனபிறகு வேலை சுலபம். நார்த் ஃபோர்ட் ரோடு பக்கம் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சென்னை மாவட்டத்துக்குத் தனி ஆணைக்குழு, ஐகோர்ட் வழக்குகளுக்குத் தனிக் குழு. எங்கே போவது என்று குழம்ப வேண்டாம், ஏதாவது ஒன்றில் கேட்டால் சரியான இடத்துக்கு அனுப்புவார்கள். படிவம் தமிழிலேயே கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. பிறகு ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிற வக்கீல் ஒருவரை நியமிப்பார்கள். கோர்ட்டுக் கட்டணம், சம்மன் செலவு, காகிதங்களை அச்சிடும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பத்து பைசா கேட்கக் கூடாது. "குமாஸ்தாவுக்கு மட்டும் கொடுங்க" என்பதும் கேட்பதுதான். கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒரு நீதிபதி, வக்கீலை மாற்றித் தருவார்.

இலவச வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். ஆணைக்குழு கொடுக்கிற தொகை வெளியே ஒரு வாய்தாவுக்கு வாங்குவதோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் சிலர் கடமைக்கு வந்து போகிறார்கள். நான் பார்த்தவர்களில் ராத்திரி போன் போட்டு "அம்மா, அந்த ஸ்கேன் ரிப்போர்ட் கிடைச்சுதா?" என்று கேட்கிறவரும் உண்டு, பார்ட்டி பெயரே மறந்துவிடுகிறவரும் உண்டு. காசு கொடுத்து வைக்கிற வக்கீல்களிலும் இந்த இரண்டு ரகமும் உண்டுதானே. இப்போது பல மாவட்டங்களில் கிரிமினல் கேசுகளுக்கு முழுநேர வக்கீல்களையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிற திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. பட்டியல் வக்கீல் முறையைவிட இது நல்லது என்பது என் கட்சி. சொந்தக் கேசு எதுவும் எடுத்துக்கொள்ளக் கூடாதென்று இருக்கும்போது இவர்களது ஒரே வேலை உங்கள் கேசுதான்.

சரி, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

வடசென்னையில் ஏதாவது ஒரு சம்பவம் நடந்தால் அன்று ராத்திரியே சில தெருக்களில் பையன்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விசாரணைக்கு என்பார்கள். மறுநாள் காலையில் அம்மா என் கடையில் நிற்பார், ஆதார் ஜெராக்ஸுக்கு. "ஷூரிட்டிக்கு வேணுமாம்." என்ன கேசு என்றால் தெரியாது. எந்த செக்‌ஷன் என்றால் தெரியாது. பையன் எதில் கையெழுத்துப் போட்டான் என்பது பையனுக்கே தெரியாது.

கைது செய்தவுடனே பக்கத்தில் இருக்கிற சட்ட உதவிக் குழுவுக்குப் போலீஸ் தகவல் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் பம்பாய் லாக்கப்புகளில் இருந்த பெண்களைப் பற்றி எழுதிய கடிதத்தின்மேல் வந்த தீர்ப்பு அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கில், கைதியை முதல் முறை ஆஜர்படுத்தும்போதே இலவச வக்கீல் உரிமை உண்டு, அதை மாஜிஸ்திரேட் சொல்ல வேண்டும், பணம் இல்லை என்று அரசாங்கம் சாக்குச் சொல்ல முடியாது என்றார் நீதிபதி பகவதி. 2019-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, கைதுக்கு முன்பு, கைதின்போது, ரிமாண்டின்போது என்று மூன்று கட்டத்துக்கும் சட்ட உதவி எப்படிக் கொடுப்பது என்று நெறிமுறையே போட்டது. ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுகிறவர்கூட வக்கீல் கேட்கலாம் என்கிறது அது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், சட்ட உதவி ஆபீஸ் முகவரியையும் போன் நம்பரையும் போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்களில் அந்தந்த ஊர் மொழியில் போர்டு வைக்கச் சொன்னது.

உங்கள் பக்கத்து ஸ்டேஷனில் அந்த போர்டு இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷன், ரயில்வே ஸ்டேஷன் இரண்டையும்தான் சொல்கிறேன்.

ஒரு சங்கதி. இந்த ஊரில் சட்டம் பணக்காரன் பக்கம் நின்ற கதை நமக்குப் புதிதில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், பி அண்ட் சி மில். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் பிறந்தது, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். மில் முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஐகோர்ட்டுக்குப் போனார்கள். சங்கத் தலைவர்கள் ஆட்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள் என்று வழக்குப் போட்டுத் தடை வாங்கிவிட்டார்கள். சங்கம் வைத்ததைக் காப்பாற்ற அன்றைக்கு ஒரு சட்டமும் கிடையாது. அந்த வழக்கு கிளப்பிய சூட்டில்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதே காலத்தில் சிங்காரவேலர், மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர், ஒத்துழையாமைப் போராட்டத்தில் தன் கவுனைக் கொளுத்திவிட்டு கோர்ட்டு வாசலை மிதிப்பதை விட்டார். எங்கள் தாத்தா பி அண்ட் சி-யில் நெசவுப் பிரிவில் இருந்தவர், கோர்ட்டுக்குப் போனால் மில்லுதான் ஜெயிக்கும் என்பார். அந்த நினைப்பு மில் மூடி முப்பது வருஷம் ஆகியும் எங்கள் தெருவில் மூடவில்லை.

காண்ட்ராக்டர் மேஜையைப் பற்றி நான் அதிகம் விரித்துச் சொல்லப்போவதில்லை. ஒரு யார்டில் லோடு இறக்கும்போது விரல் போன பையனுக்கு, கையில் பத்தாயிரம் கொடுத்து "எல்லாக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதின தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேலையில் அடிபட்டால் சம்பளத்தையும் வயதையும் வைத்துக் கணக்குப் போட்டு இழப்பீடு தர வேண்டும் என்கிற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. இது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அந்தத் தாளை டைப் அடித்தவருக்கு நிச்சயம் தெரியும்.

எண்ணூர்க்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மூச்சுமுட்டி ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். எண்ணெய்க்கு அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. முதலாவது அரசு மனமிரங்கிக் கொடுப்பது, இரண்டாவது கெடுத்தவன் கொடுக்க வேண்டியது. தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர் என்ற ஒன்றே இலவச வக்கீலுக்குத் தகுதி என்று 12-ஆவது பிரிவு சொல்வது இவர்களுக்காகவேதான். இழப்பீடு கேட்டு மனுப்போடுகிறவர்கள் இதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் நீதிமன்றம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எம்.சி.ஓ.பி. போட்டவர்களை அங்கே கூப்பிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். 1982-இல் குஜராத்தில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. ஒரே நாளில் சமரசம் ஆகும், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்ப வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுவே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் சொல்கிற முதல் தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். "இன்னொரு தடவை யோசிக்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சமரசம் ஆகாவிட்டால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே போகும், ஒன்றும் நஷ்டமில்லை.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1891-இல் தொடங்கிய சட்டக் கல்லூரி ஐகோர்ட் வளாகத்திலேயே இருந்தது. 2018-இல் அதைப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கட்டடம் பெரிசு, இடம் விசாலம், சரி. ஆனால் பாரிமுனையில் இருந்தவரை எங்கள் பக்கத்துப் பையன்கள் சைக்கிளில் போய்ப் படித்தார்கள், சாயங்காலம் ஏரியாவில் மனு எழுதிக் கொடுத்தார்கள். சட்டம் படிக்கிற ஒரு பையன் தெருவில் இருந்தால் வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்க யாருக்கும் தைரியம் வராது. சட்டக் கல்லூரிகளுக்கு இலவச ஆலோசனை மையம் நடத்தும் கடமை இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை புளியந்தோப்பிலோ ராயபுரத்திலோ வந்து உட்காரலாம். முகாம் போட்டு பேனர் கட்டி, மேடையில் பேசிவிட்டுப் போகிறதைவிட, ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு சட்டத் தன்னார்வலர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் புரோக்கர் வியாபாரம் படுத்துவிடும். தன்னார்வலர் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், அடையாள அட்டையும் தருகிறார்கள். நேரமும் இடமும்தான் மாற வேண்டும்.

அந்த அக்காவின் கேசில் வக்கீல் நியமனம் ஆகிவிட்டது, ஒரு பெண் வக்கீல், கறாரானவர். மருத்துவக் குழுவிடம் ஊன அளவுச் சான்று வாங்கச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி அண்ணன் மறுபடி போன் போட்டபோது அக்கா பேசியதைக் கடையில் வைத்தே கேட்டேன். "எங்க வக்கீலம்மாகிட்ட பேசுங்கண்ணே, நம்பர் தர்றேன்." அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

15100. சட்ட உதவிக்கான நம்பர், நாடு முழுக்க இதுதான். போனில் சேமித்து வைக்கும்போது "வக்கீல்" என்றே சேமியுங்கள், அவசரத்தில் தேடக் கிடைக்கும். படிவம் கடையில் வைத்திருக்கிறேன், அதற்கும் காசில்லை. வரும்போது எஃப்.ஐ.ஆர். நகலையும் ஆதாரையும் மட்டும் கொண்டுவாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் தர மாட்டேன் என்றார்களா? புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், அதையும் எழுதி வாங்கிக்கொண்டு வருவோம், வாருங்கள்.